அமுக்குவானும் அடிபம்பும்

எங்கள் வில்லாபுரத்தில் அதற்கு அமுக்குவான் என்று பெயர். சில வீடுகளில் அமுக்குப் பேய் என்பார்கள். தூக்கத்தில் திடீரென்று விழிப்புத் தட்டும். கண் திறந்திருக்கும். மேலே மின்விசிறி சுற்றுவது தெரியும், பக்கத்தில் தங்கச்சி படுத்திருப்பது தெரியும், தெருவில் நாய் குரைப்பது கேட்கும். ஆனால் கை கால் அசையாது. கத்தலாம் என்றால் தொண்டையிலிருந்து சத்தம் வராது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்து அழுத்துவார்கள். அறை மூலையில் ஓர் உருவம் நின்று நம்மையே பார்க்கும். சில நொடிகளோ ஒன்றிரண்டு நிமிடங்களோதான். பிறகு சட்டென்று உடம்பு நமக்குத் திரும்பக் கிடைக்கும். வேர்த்து நனைந்து எழுந்து உட்காருவோம். மறுபடி படுக்கப் பயமாக இருக்கும்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்காவது இது வந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

எனக்கு முதலில் வந்தது 1996 கடைசியில், பிளஸ் டூ படிக்கும்போது. அப்பத்தா தலையணைக்கு அடியில் இரும்புச் சாவியும் கால்மாட்டில் விளக்குமாறும் வைத்தார். பிறகு பாண்டி கோயில் திருநீறு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கோரிப்பாளையம் தர்காவிலிருந்து கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டார். மதுரையில் பயத்துக்கு மதம் கிடையாது. இவை எதுவும் என்னைத் துன்புறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கயிறு கட்டிய முதல் வாரம் நன்றாகவே தூங்கினேன்.

அது மறுபடி வந்தபோதுதான் ஒரு மந்திரிப்பவரிடம் கூட்டிப்போனார்கள். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். வீட்டுக்குத் தூரமாக இருந்தபோது எங்கேயாவது போனாளா? உச்சிவேளையில் தலையை விரித்துப்போட்டுப் புளியமரத்துப் பக்கம் நின்றாளா? மனசில் எவனையாவது நினைத்திருக்கிறாளா? மூன்றாவது கேள்வியை என் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார். கடைசியில், "பரிகாரம் பண்ணுனாலும் நிக்காது தாயி. பரிச்சை கிரிச்சைன்னு பாக்காம சீக்கிரம் ஒரு எடத்தப் பாருங்க" என்றார்.

நீ எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பல ஆண்டுகள் கழித்து இசபெல் நபொகோவ் என்ற மானுடவியலாளரின் நூல் கைக்குக் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் பேயோட்டும் சடங்குகளைப் பார்த்து, 2000இல் வெளியிட்ட நூல் அது. அவர் கண்ட பேய்கள் பெரும்பாலும் அற்பாயுளில் செத்த இளைஞர்கள், ஆசை நிறைவேறாமல் உயிரை விட்டவர்கள். அவர்கள் பிடிப்பது பெரும்பாலும் புதிதாகக் கல்யாணமான பெண்களை. வீட்டைவிட்டுத் தனியாக வெளியே போன நேரத்தில் பிடிக்கிறார்கள். பேய் குடியிருக்கும் முடிக்கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடிப்பதோடு சடங்கு முடிகிறது. பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். குடும்பத்தில் ஒட்டாமல் விலகி நிற்கும் ஒரு பெண்ணைத் திரும்ப அதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அந்தச் சடங்கின் வேலை என்று நபொகோவ் வாசிக்கிறார். படித்தபோது எனக்கு அந்த மூன்று கேள்விகள் ஞாபகம் வந்தன.

ஆனால் பேய் பிடிப்பதும் அமுக்குவான் அமுக்குவதும் ஒன்றல்ல. பேய் பிடித்த பெண் பேசுகிறாள். மாமியாரைத் திட்டுகிறாள், சாராயம் கேட்கிறாள், ஊர் முன்னால் தலைவிரித்து ஆடுகிறாள். கல்பனா ராம் போன்ற ஆய்வாளர்கள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண்களை வைத்து, அந்த ஆட்டத்துக்குள் நீதி கேட்கும் குரல் ஒன்று இருப்பதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அமுக்குவானிடம் அந்த வசதி இல்லை. அவன் முதலில் பறிப்பதே குரலைத்தான். காலையில் எழுந்து சொன்னால் "கனவு கண்டிருப்ப" என்பார்கள். சொல்லாமல் விட்டால் அப்படியொன்று நடந்ததற்கே சாட்சி இல்லை. அதனாலோ என்னவோ, பேயோட்டுவது பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன, அமுக்குவான் ஓரிரு வரிகளில் முடிந்துபோகிறான்.

அந்தப் பெயரின் பாலையும் கவனியுங்கள். நாம் அமுக்கு-வான் என்று ஆண்பாலில் சொல்கிறோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் நெஞ்சில் ஏறி உட்காருவது ஒரு கிழவி. பிரேசிலில் பிசாதெய்ரா என்ற நீண்ட நகம் கொண்ட கிழவி. ஆங்கிலத்தில் கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற சொல்லில் இருக்கும் 'மேர்', தூங்குபவர் நெஞ்சில் ஏறி நசுக்கும் ஆவி. ஐரோப்பியப் பழங்கதைகளில் பெரும்பாலும் பெண். பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்து, அமுக்குவது பெண் என்று நம்பினால் என்ன நடக்கும்?

அமெரிக்காவின் சேலம் நகரில் 1692இல் நடந்தது. சூனியக்காரி என்று பிரிட்ஜெட் பிஷப் மீது வழக்கு. ஜான் லவுடர், ரிச்சர்ட் கோமன் என்ற ஆண்கள் சாட்சி சொன்னார்கள். ராத்திரியில் விழித்துப் பார்த்தால் அவள் தங்கள்மேல் ஏறிக் கிடந்தாள், அசையவோ பேசவோ முடியவில்லை என்பது சாட்சியத்தின் சாரம். கோமன் சொன்னது எட்டு வருடம் முந்தைய ராத்திரியைப் பற்றி. இன்றைக்கு எந்த மருத்துவ மாணவியும் அந்தச் சாட்சியத்தைப் படித்தால் அடையாளம் கண்டுகொள்வாள். அன்றைய நீதிமன்றம் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டது. 1692 ஜூன் 10 அன்று பிரிட்ஜெட் பிஷப் தூக்கிலிடப்பட்டார். சேலத்தில் தூக்கிலிடப்பட்ட முதல் ஆள் அவர்தான். பெண்ணின் உடம்பு முடங்கினால் அவளுக்கு வேப்பிலை அடி; ஆணின் உடம்பு முடங்கினால் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குத் தூக்குக் கயிறு.

மருத்துவர்கள் இதைக் கவனித்தது புதிதல்ல. 1664இல் டச்சு மருத்துவர் இஸ்பிராண்ட் வான் டீமர்புரூக் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதினார். நல்ல திடகாத்திரமான உடம்பு. பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரியில் தூங்கப்போகும்போது பிசாசு மேலே படுத்து அழுத்துகிறது, சில நாள் நாய், சில நாள் திருடன். அந்தப் பெண் சொன்னதை அவர் சொன்னபடி குறித்துவைத்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

1876இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் இதை ராத்திரி வரும் வாதம் என்று விவரித்தார். பெண்ணிய வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு இடத்தில் பழக்கமாகியிருக்கும். நரம்புத் தளர்ச்சி என்று வந்த பெண்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தி, படிக்காதே, எழுதாதே, எழுந்திருக்காதே என்று சொன்ன 'ஓய்வுச் சிகிச்சை'யின் ஆசிரியர் இவர்தான். 1887இல் அந்தச் சிகிச்சைக்குப் போய், பைத்தியம் பிடிக்கும் விளிம்புவரை சென்று மீண்டவர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். 1892இல் வெளியான அவருடைய 'மஞ்சள் சுவர்த்தாள்' கதை அங்கிருந்து வந்தது. அசைய முடியாத உடம்பின் திகிலை ஏட்டில் விவரித்தவரே பெண்களை அசையாமல் படுக்கவைத்தார். 'ஸ்லீப் பராலிசிஸ்', அதாவது தூக்க முடக்கம் என்ற பெயர் 1928இல் வில்சன் என்ற மருத்துவர் வைத்தது.

காரணம் பிடிபட்டது 1950களில். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூக்கத்தின் ஒரு கட்டத்தில் மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசைவதைப் பதிவு செய்தார்கள். கனவுகள் அதிகம் வரும் கட்டம் அது. அந்தக் கட்டத்தில் உடம்பின் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடப்பதைப் பிரான்சில் மிஷெல் ஜூவே பூனைகளை வைத்துக் காட்டினார். நாம் கனவில் ஓடும்போது நிஜத்தில் எழுந்து ஓடிவிடாமலிருக்க மூளை உடம்பைப் பூட்டி வைக்கிறது. சில நேரம் பூட்டுத் திறப்பதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது. கண் அறையைப் பார்க்கிறது, கனவு இன்னும் முடியவில்லை, உடம்பு பூட்டிக் கிடக்கிறது. மூச்சு விடுவது உதரவிதானம், அது பூட்டப்படுவதில்லை. ஆனால் வேண்டுமென்றே ஆழமாக இழுக்கப் பார்த்தால் நெஞ்சுத் தசைகள் ஒத்துழைக்காது. அதுதான் ஆள் ஏறி உட்கார்ந்த கனம். மூச்சு நின்றுபோகாது. இந்த ஒரு விஷயத்தைப் பதினேழு வயதில் யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பாதிப் பயம் போயிருக்கும்.

2011இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொதுமக்களில் 100க்கு 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வந்திருக்கிறது என்று தெரிந்தது. மாணவர்களில் 100க்கு 28 பேருக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சற்று அதிகம். மல்லாந்து படுப்பது, மனஅழுத்தம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் குறைவதும் துண்டு துண்டாக உடைவதும் இதை வரவழைக்கின்றன.

தூக்கம் துண்டு துண்டாக உடைவது என்றதும் வில்லாபுரத்துக்குத் திரும்ப வேண்டும்.

1996இல் எங்கள் தெருவில் குழாயை நம்பி யாரும் சமைத்ததில்லை. குடிக்கத் தனியார் லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். புழங்கத் தெருமுனை அடிபம்பு. பகலில் அடித்தால் காற்றுதான் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஊறும். அதனால் பன்னிரண்டு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். நான் பதினொன்றரை வரை படித்துவிட்டுப் படுப்பேன். இரண்டு மணிக்கு அம்மா எழுப்புவார். அவர் அடிக்க, நான் தூக்கி வந்து ஊற்ற, நாலு மணியாகும். திரும்பப் போய் மல்லாந்து விழுவேன். அமுக்குவான் எனக்கு வந்ததெல்லாம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்தான். அப்பாவும் அண்ணனும் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை.

அன்றைய சட்டத்தின் கணக்கில் பெண்களுக்கு ராத்திரி வேலையே இல்லாமல் இருந்தது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பெண்களின் இரவு வேலையைத் தடுக்கும் உடன்படிக்கை போட்டது, 1921இல் இந்தியா ஏற்றுக்கொண்டது. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஆலையில் பெண்களை வேலை வாங்கக்கூடாது என்றது. அந்தத் தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வசந்தா வழக்கில் நீக்கியது. பாதுகாப்பா பாகுபாடா என்று இரு பக்கமும் நியாயம் பேசினார்கள். வீட்டில் ராத்திரி நடக்கும் வேலை அந்த வாதத்துக்குள் வரவே இல்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் கூலியில்லா வீட்டு வேலை எண்ணாகப் பதிவானது. அதில் ஈடுபடும் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97.

வில்லாபுரத்தில் இந்தக் கணக்கை முன்பே எடுத்துப் பேசியவர் லீலாவதி. 1996 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கித் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்தல். அதில் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் வில்லாபுரத்திலிருந்து மதுரை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் எடுத்துக்கொண்ட வேலை குடிதண்ணீர். குழாயில் தண்ணீர் வந்தால் லாரியில் தண்ணீர் விற்பவர்களுக்குப் பிழைப்புப் போகும். மிரட்டல் வந்தது. அவர் பின்வாங்கவில்லை. 1997 ஏப்ரல் 23 அன்று, பட்டப்பகலில், வில்லாபுரத்துத் தெருவில் அவரை வெட்டிக் கொன்றார்கள். கவுன்சிலராகி ஏழு மாதம்கூட முடியவில்லை.

பரிட்சை முடிந்து நான் வீட்டில் இருந்த நாள் அது. அதற்குப் பிறகான வாரங்களில் எங்கள் தெருப் பெண்கள் எப்படித் தூங்கினார்கள் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அடிபம்புக்கு யாரும் தனியாகப் போகவில்லை. நாலைந்து பேராகப் போய், நாலைந்து பேராகத் திரும்பினார்கள். அந்த மாதம்தான் எனக்கு அமுக்குவான் அதிகம் வந்தது. மூலையில் நிற்கும் உருவத்தின் கையில் அரிவாள் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது, அமெரிக்காவில் அடைக்கலமான கம்போடிய மக்களைப் பற்றிய ஓர் ஆய்வு. போல் பாட் ஆட்சியின் கொலைக்களங்களிலிருந்து தப்பியவர்கள். மனநல மருத்துவர் டெவன் ஹின்டனும் அவருடைய குழுவினரும் தங்கள் மருத்துவமனைக்கு வந்த 100 பேரிடம் விசாரித்தார்கள். முந்தைய ஒரு வருடத்தில் 42 பேருக்குத் தூக்க முடக்கம் வந்திருந்தது. பேரதிர்ச்சியின் பாதிப்பு நீங்காதவர்களுக்கு அது இன்னும் அதிகம். கெமர் மொழியில் அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயருக்கு அர்த்தம், அமுக்கும் பேய். அவர்கள் பார்த்த உருவங்களுக்குத் தாங்கள் நேரில் கண்ட கொலைகாரர்களின் சாயல் இருந்தது.

எனவே ராத்திரிப் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துத் தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பயத்துக்குப் பெரும்பாலும் பகலில் ஒரு காரணம் இருக்கிறது. அதே நேரம், பேய்தான் என்று நம்பும்போது பயம் கூடுவதும் உண்மை. பலந்த் ஜலால் என்ற ஆய்வாளர் எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டு 2013இல் எழுதினார். ஜின் வேலை என்று பலரும் நம்பும் எகிப்தில், முடக்கம் அடிக்கடி வந்தது. செத்துவிடுவோம் என்ற பயமும் அதிகம். பயந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மறுபடி வரும். இந்தச் சுழலை உடைக்கத்தான் வழி தேட வேண்டும்.

ஜலால் சொல்லும் வழி எளிமையானது. வந்துவிட்டால், இது தூக்க முடக்கம், தானாகப் போய்விடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். திமிறக் கூடாது, மூச்சை இழுத்துப் போராடக் கூடாது. மூலையில் நிற்பதைப் பார்க்காமல், பிடித்த ஒரு முகத்தையோ பாட்டையோ பற்றிக்கொள்ள வேண்டும். கால் கட்டைவிரலை அசைத்தால் விடுபடுகிறது என்று அனுபவப்பட்ட பலர் சொல்கிறார்கள். எனக்கும் அது பலித்திருக்கிறது. ஒருக்களித்துப் படுப்பதும் ஒரே நேரத்தில் படுத்து எழுவதும் வராமல் காக்கும். பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தால், சிரிக்கும்போது முழங்கால் துவண்டால், அது வேறொரு நோயாக இருக்கலாம், நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ராத்திரியை நினைத்தாலே படபடப்பு வந்தால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கயிறு கட்டினால் நிம்மதி என்றால் கட்டிக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கல்யாணம் செய்துவைக்கச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

எனக்குக் கல்யாணம் செய்துவைக்கவில்லை. மந்திரிப்பவர் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பவும் இல்லை. தனியாகவே போய் அடித்துத் தூக்கி வந்தார். பரிட்சை முடியும்வரை அப்படித்தான். தங்கச்சியை எழுப்புகிறாரோ என்று பார்த்தேன், அதுவும் இல்லை.

ஏன் எழுப்பவில்லை என்று போன வருடம்தான் கேட்டேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"எனக்கும் வரும்டி. கல்யாணம் ஆகி வந்த வருசத்துலருந்து."

"யார்ட்டயும் சொன்னதில்லையா?"

"யார்ட்ட சொல்ல? அப்ப ஒங்க அப்பத்தாட்ட சொல்லியிருந்தா, புது மருமகளுக்குப் பேய் புடிச்சிருச்சுன்னு ஊருக்கு அனுப்பியிருக்கும். அந்தாளு ஒங்கிட்ட கேட்டதெல்லாம் எங்கிட்ட கேட்டிருப்பான்."

அப்புறம் கீரைக் காம்பு ஒன்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "ஒனக்கும் தூக்கம் பத்தலன்னு அங்கன வச்சுத்தான் தோணுச்சு" என்றார்.

இப்போது வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது. அடிபம்பைப் பிடுங்கி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு விழிப்பு வந்துவிடும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொள்வார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.